ஆட்டுக்கல்லைக் கட்டி இழுத்துப் படித்த இத்தாலி

1

உனக்கு எதற்கடி இந்த வம்பு? குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் குடத்தைப் பிடிக்காமல், இத்தாலியில் இருக்கிற அத்தைக்கு இத்தாலி மொழி எங்கிருந்து வந்தது என்று துப்பறிந்துகொண்டிருக்கிறாய். இந்த வாரத்தில் மூன்று போன். மூன்றாவது போனில் சொந்த அத்தையையே மிரட்டுகிறாய். "சொல்லலன்னா நானா ஒரு கதை கட்டிடுவேன் அத்தை" என்கிறாய். கட்டிக்கொள். உன் கதை என் கதையைவிடக் கௌரவமாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கும் விவரம் சொல்லிவிடுகிறேன். வசந்தா என் அண்ணன் மகள், நெய்வேலியில் இருக்கிறாள். நான் இங்கே இத்தாலியில் ஒரு கடலோர ஊரில் என் மகள் செல்வியோடு இருக்கிறேன். செல்வி நர்ஸ், பட்டம் வாங்கியவள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள். இந்த இரண்டு பேரில் யாருக்கு இத்தாலி மொழி நன்றாக வரும் என்று கேட்டால், போன செவ்வாய்க்கிழமைவரை ஊரே செல்வி என்றுதான் சொல்லியிருக்கும்.

இங்கே தங்குவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டுக் காகிதம் எழுதித் தபால் நிலையத்தில் கொடுக்க வேண்டும். எதற்கும் நான்கு நகல். என் பாஸ்போர்ட்டில் எழுதாத வெறும் பக்கத்தைக்கூட நகல் எடுத்துக் கேட்கிறார்கள். அதில் என்ன படிப்பார்களோ.

கவுன்டரில் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிய ஒரு அம்மாள். யாரோடு இருக்கிறீர்கள் என்று கேட்டாள். "என் வீட்டார் இங்கே வசிக்கிறார்கள்" என்று செல்வி என்னவோ ஆரம்பித்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். என் பிள்ளைகள் இங்கே வசிக்கிறார்கள், அதனால் நானும் என்று சொன்னேன். வசிக்கிறார்கள் என்பதற்கு இங்கே 'ஆ-பி-த-னோ'. முதல் எழுத்தில் ஒரு குட்டு வைக்க வேண்டும், மற்ற மூன்றும் பின்னால் ஓடி வர வேண்டும்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் 'அபி-தா-னோ' என்றுதான் சொல்வார்கள். உங்கள் மகளும் இப்போது அப்படித்தான் சொன்னாள். உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"ஒரு மரக்கரண்டி" என்றேன்.

கிழவிக்குக் கொஞ்சம் கலங்கிவிட்டது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. அடுத்து வீட்டுக்காரர் பெயரைக் கேட்டாள். இதுதான் எனக்குக் கஷ்டமான கேள்வி. அவர் இருந்தவரை அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவரிடம்கூட வில்லைக் காட்டும் சைகை செய்து, ராமர் கையில் இருக்கிற வில்லின் பெயர் என்று சொல்லித்தான் எழுதவைத்தேன். இங்கே எந்த வில்லைக் காட்டுவது? சொல்லிவிட்டேன். கோதண்டம். அவள் அதை வாயில் போட்டு மென்று, "கோ-தன்-தா-மோ?" என்று நடுவில் பெரிய அழுத்தம் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அப்படிக் கூப்பிட்டிருந்தால் மனிதர் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்.

முத்திரை குத்தினாள், வெளியே வந்தோம். செல்வி நடு ரோட்டில் நின்றாள்.

"யம்மா, நான் ரெண்டு வருசம் மாலை வகுப்புக்குப் போனேன். எனக்கு வராதது உனக்கு எப்படி வந்துச்சி?"

"நீ புஸ்தகத்துல படிச்ச. நான் பாத்திரத்துல படிச்சேன்."

அன்று ராத்திரியே செய்தி நெய்வேலிக்குப் போய்விட்டது. அதிலிருந்துதான் இந்த மூன்று போன்.

2

சொல்கிறேன், கேட்டுக்கொள். அறுபதுகளின் முதல் பாதி. சுரங்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. உர ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த நாங்கள் இரண்டு பேரும், கல்யாணமான ஆறாவது மாசம், ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ஆட்டுக்கல்லும் எடுத்துக்கொண்டு நெய்வேலிக்கு வந்தோம். ஆட்டுக்கல் என் அம்மா வீட்டுச் சீதனம். அதை வண்டியில் ஏற்றும்போதே அவர் முணுமுணுத்தார். பின்னால் அதுதான் தன் வாத்தியார் ஆகப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.

அவருக்குக் காண்ட்ராக்டரிடம் கலாசி வேலை. கனமான இரும்பைக் கயிறு கட்டி இழுக்கிற, தூக்குகிற, நிறுத்துகிற வேலை. பன்னிரண்டு பேர் கயிற்றைப் பிடிப்பார்கள். இவர் பிடிக்க மாட்டார். இவர் பாட்டுக்காரர். குரல் அப்படி. இவர் பக்கத்தில் நின்று "ஏலேலோ" என்பார். கயிற்றுக்காரர்கள் "ஐலசா" என்று பதில் சொல்லி, அந்தப் பதிலில் இழுப்பார்கள். பாட்டுக்காரர் வாயில் வருவது காதுக்கு, தங்கள் வாயில் வருவதுதான் கைக்கு. அது அவர்கள் கணக்கு. எவனாவது அவசரப்பட்டுப் பாட்டுக்காரர் சொல்லும்போதே இழுத்துவிட்டால், கயிற்றில் முதல் ஆளாக நிற்கிற காசி விடமாட்டான். "என்னாடா, பந்தி போட்றதுக்கு முன்னாடியே எலைல கை வைக்கிற?" அன்று முழுக்க அவனுக்கு அதுதான் பேர்.

குடியிருப்பு என்று சொல்ல முடியாது, காண்ட்ராக்டர் போட்ட கீற்றுக் கொட்டகை வரிசை. காற்றடித்தால் கஞ்சியில் பழுப்பு நிலக்கரித் தூள் விழும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டவுன்ஷிப். வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ், வீட்டுக்குள்ளேயே குழாய். அந்தப் பக்கம் போக ஒரே வழிதான், பர்மனென்ட் ஆவது. காண்ட்ராக்ட் ஆள் என்றால் வேலை முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்வார்கள். எனக்கு அப்போது வயிற்றில் மூன்று மாசம். செல்விதான். தூள் விழுந்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு நான் அந்தக் குழாய்களையே பார்ப்பேன்.

உர ஆலைக்கு இயந்திரம் பூட்ட இத்தாலியிலிருந்து கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு மேலாள் ஒருவர், பியெத்ரோ என்று பெயர். எங்கள் ஆட்கள் அவரைப் பேதுரு துரை ஆக்கிவிட்டார்கள். அவர் ஒரு நாள் கலாசிகளைக் கூட்டி, ஆபீஸ் குமாஸ்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். அடுத்த மாசம் ஆலையின் பெரிய இரும்புக் கொப்பரையை நிறுத்த வேண்டும். கிரேன் அதைத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்ளும். அடிப்பாகத்தைக் கலாசிகள் ஒவ்வொரு சாணாக இழுத்துப் போல்ட்டுக்கு நேரே கொண்டுவர வேண்டும். மேலே நிற்கிற இத்தாலிக்காரர்கள் ஒவ்வொரு இழுப்புக்கும் அதே நொடியில் கடப்பாரையால் நெம்புவார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அதனால் கூப்பாடு இத்தாலியில் இருக்க வேண்டும். இழுங்கள், இறக்குங்கள், நிறுத்துங்கள் என்று மூன்று வார்த்தை. பாட்டு கூடாது. பாட்டில் எந்த இடத்தில் இழுப்பு வரும் என்று மேலே இருக்கிறவனுக்குத் தெரியவில்லை.

"சரியா சொல்றவனப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி ஆபீசுக்கு எழுதித் தரேன்றாரு" என்றார் குமாஸ்தா.

அன்று சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்து அந்த மூன்று வார்த்தையையும் சொல்லிக் காட்டினார். திராதே, கலாதே, ஃபெர்மாதே. கத்தரிக்காய்க் கூறு கட்டி வைத்ததுபோல் எல்லா எழுத்தும் ஒரே உயரம்.

"துரை என்னா சொன்னாரு?" என்றேன்.

"காதே கேக்கலன்றாரு. தொண்ட கிழியக் கத்தறேன், கேக்கலன்றாரு. மேல காத்தும் கிரேன் சத்தமும் இருக்குமாம். முழு வார்த்தையும் எட்டாதாம். கனமா ஒரு எடம் இருக்கணுமாம், அதான் எட்டுமாம். வார்த்தைல என்னா கனம், எள்ளு மூட்டையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அந்தக் கனம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

3

நான் வேலை செய்தது அதே பேதுரு துரையின் வீட்டில். பாத்திரம், பெருக்கல், துவைத்தல், அப்புறம் காலை பதினொரு மணிக்குத் துரைக்குக் கசப்புக் காப்பியைப் பிளாஸ்கில் கொண்டுபோய் ஆலை கேட்டில் கொடுப்பது. அவர் சம்சாரத்தை சிஞோரா என்று கூப்பிட வேண்டும். எனக்கு அது சின்னோராம்மா என்றுதான் வந்தது. அவள் என்னை 'அன்சலா' என்றாள். என் பெயர் அஞ்சலை. கொடுத்ததும் வாங்கினதும் சரியாகப் போயிற்று.

அவர்களுக்கு லூச்சியா என்று ஏழு வயசுப் பெண். அவள் மொழியில் பள்ளிக்கூடம் நெய்வேலியில் ஏது? தாயே சமையலறை மேசையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். தாய் ஒரு வார்த்தை சொல்வாள். பெண் அதைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் மரக்கரண்டியால் மேசையில் ஒரு தட்டு. கனமான துண்டுக்கு ஓங்கி ஒரு தட்டு. தப்பாக ஓங்கினால் அடி கிடையாது, திட்டு கிடையாது. பிஸ்கட் டப்பா ஒரு சாண் தள்ளிப்போகும். நான்கு தப்பு செய்தால் டப்பா மேசையின் அந்தக் கோடிக்குப் போய்விடும். அதைப் பார்க்க எனக்கே வயிறு எரியும்.

நான் பின்னால் தொட்டியில் பாத்திரம் தேய்ப்பேன். கை சும்மா இருக்குமா? கரண்டித் தட்டுக்குத் தேய்க்க ஆரம்பித்துவிட்டது. லேசாக, ஓங்கி, லேசாக. ஒரு மாசத்தில் எனக்கு அந்தச் சூத்திரம் பிடிபட்டுவிட்டது. நான் செய்கிறேன், நீ செய்கிறாய், அவன் செய்கிறான் என்றால் கனம் முன்னாலேயே விழும். நாம் செய்கிறோம், நீங்கள் எல்லாரும் செய்கிறீர்கள் என்றால் கனம் நகர்ந்து பின்னால் வந்துவிடும். பேசுகிறேன் என்பது 'பார்-லோ'. பேசுகிறீர்கள் என்பது 'பர்-லா-தே'. சரி, அவர்கள் பேசுகிறார்கள் என்றால் இன்னும் பின்னால் போகும் என்றுதானே நினைப்போம்? அதுதான் கிடையாது. மறுபடியும் முன்னாலேயே ஓடிவிடும். 'பார்-ல-னோ'. எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிந்தது. நாமும் நீங்களும் என்றால் சுமையை நடுவில் இறக்கி ஆளுக்கொரு கை பிடிக்கலாம். அவர்கள் என்றால் முன்னால் போகிறவன் தலையில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் கையை வீசிக்கொண்டு நடப்பார்கள். காண்ட்ராக்டர் ஆட்களை நான் பார்த்ததில்லையா?

லூச்சியாவுக்கு எப்போதும் சறுக்குகிற இடம் இந்த 'அவர்கள்'தான். அதிலும் 'ஆ-பி-த-னோ'. ஒரு நாள் டப்பா கோடிக்குப் போய்விட்டது. இன்னும் ஒரு சாண் போனால் கீழே விழும். குழந்தை கரண்டியைத் தூக்கிக்கொண்டு முழிக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. தொட்டிக்குள் வாணலியை ஒரு தட்டுத் தட்டினேன். டாங். பிறகு விரலால் டக், டக், டக். குழந்தை அப்படியே தட்டிவிட்டது. தாய் திரும்பிப் பார்த்தாள்.

"அன்சலா. நீ படிச்சா?"

"இல்லம்மா. வாணலிதாம்மா படிச்சிது."

அன்றைக்கு லூச்சியாவுக்கு ஒரு பிஸ்கட், எனக்கு ஒரு பிஸ்கட். வாணலிக்கு ஒன்றும் இல்லை.

4

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் பேத்தி நிலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செல்வியின் மகள், எட்டு வயசு. பள்ளிக்கூடத்தில் இதே வேலைதான் கொடுக்கிறார்கள். வார்த்தையைக் கோடு போட்டு வெட்டு, கனமான இடத்துக்கு மேலே ஒரு கீற்றுப் போடு. அவள் ஒரு நொடியில் போட்டுவிடுகிறாள். அவளுக்கு அது தாய்ப்பால் மாதிரி. தமிழ்தான் வெளிநாடு.

தமிழ் பேசுகிறாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் வார்த்தையில் இல்லாத கனத்தைக் கொண்டுவந்து ஏற்றுகிறாள். "ஆயா, நான் சாப்-பி-ட்டேஏன்" என்று ஊஞ்சலில் ஆடிக்கொண்டு சொல்கிறாள். செல்விக்குக் கண்ணீர் வருகிறது, பிள்ளை கைவிட்டுப் போகிறதே என்று. எனக்கு வருவதில்லை. நாங்கள் அவர்கள் மொழியைக் கத்தரிக்காய்க் கூறு ஆக்கினோம், இவள் நம் மொழியை ஊஞ்சல் ஆக்குகிறாள். ஆனால் ஒரே ஒரு விஷயம் எனக்குச் சுருக்கென்றது. போன வாரம் அவள் டீச்சரிடம் எங்களைப் பற்றிச் சொன்னாளாம். "அவர்கள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள்" என்று. நாங்கள் என்று சொல்லவில்லை, அவர்கள். 'பார்-ல-னோ'. கனம் எவ்வளவு சரியாக முன்னால் விழுந்தது தெரியுமா? குறை சொல்லவே முடியவில்லை.

நான் அவளிடம் சொன்னேன், "நாங்கன்னு சொல்லுடி. சொமைய நடுவுல எறக்கு, நானும் ஒரு கை புடிக்கறேன்."

"அது எப்படி ஆயா புடிக்கிறது?" என்றாள்.

அதற்குத்தான் ஆட்டுக்கல்லைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். எழுதுகிறதையும் விட்டுவிட்டு அவளுக்கு நடித்தே காட்டினேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

5

இவருக்குக் கரண்டித் தட்டுச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். நடக்கவில்லை. மனிதருக்குக் கரண்டி பிடித்துப் பழக்கமில்லை. சாப்பிடக் கை, வேலைக்குக் கயிறு, அவ்வளவுதான் அவர் உலகம். சரி, கயிற்றிலேயே படிக்கட்டும் என்று முடிவு செய்தேன். கொட்டகையின் பின்மூலையில் இருந்த ஆட்டுக்கல்லில் ஒரு தாம்புக் கயிற்றைக் கட்டி, முனையை அவர் கையில் கொடுத்தேன்.

"நீயே சொல்லு, நீயே இழு. 'தி'ன்னும்போது கயித்தப் புடி. 'ரா'ன்னும்போது இழு. 'தே'ன்னும்போது வுடு."

"ஊரு சிரிக்கும்டி."

"பர்மனென்ட் ஆனா ஊரு பொறாமப்படும். எது வோணும்?"

இழுத்தார். தி-ரா-தே. முதல் நாள் கல் அசையவில்லை, வார்த்தையும் அசையவில்லை. இரண்டாம் நாள் 'ரா'வில் மூச்சுத் தானாக முட்டியது. முட்டினால் சத்தம் கனக்காமல் என்ன செய்யும்? மூன்றாம் நாள் கல் ஒரு விரல்கடை நகர்ந்தது. நான் கதவுக்கு வெளியே போய், அப்புறம் வரிசைக்கு அந்தக் கோடிவரை போய் நின்று கேட்டேன். 'தி' கேட்கவில்லை, 'தே' கேட்கவில்லை, 'ரா' வந்து காதில் அறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வயிற்றுப் பிள்ளையை மறந்து ஓடிவந்தேன்.

"எட்டுது, எட்டுது" என்றேன்.

"மெதுவா வாடி. வுழுந்து வச்சா துரையா வந்து தூக்குவாரு?"

பத்து நாளில் ஆட்டுக்கல் பின்மூலையிலிருந்து வாசலுக்கு வந்துவிட்டது. மாவு ஆட்ட வேண்டுமென்றால் நான் ரோட்டில் கால் நீட்டி உட்கார்ந்து ஆட்ட வேண்டும். பக்கத்துக் கொட்டகைக்காரி கேட்டாள், என்ன இது, கல்லுக்கு வேண்டுதலா என்று. ஆமாம், வடலூருக்கு நடக்கிறது, பூசத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்றேன்.

பேதுரு துரை கேட்டுப் பார்த்தார். மேலே ஏறி நின்றுகொண்டு கேட்டார். கட்டைவிரலைக் காட்டினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். பெரிய மொழியையே சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டதாக நினைப்பு. எதை மறந்தோம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

6

கொப்பரையை நிறுத்துகிற நாள் வெள்ளிக்கிழமை. காப்பி பிளாஸ்கைக் கேட்டில் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியவள் நான். அதற்கு மேல் போக எனக்குப் பாஸ் கிடையாது. பளு தூக்குகிற இடத்தைச் சுற்றிச் சிவப்புக்கொடி கட்டியிருப்பார்கள், அதற்குள் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஆள் யாராவது நின்றால் அன்றோடு வேலை போச்சு. தனக்கு மட்டும் போகாது, கூட்டிவந்த ஆளுக்கும் சேர்த்துப் போகும். அதுவும் பொம்பளை என்றால் கலாசிகள் கயிற்றையே கீழே போட்டுவிடுவார்கள், அபசகுனம் என்று. எல்லாம் தெரியும். தெரிந்துதான் போனேன். வாட்ச்மேன் பீடி பற்றவைக்கத் திரும்பினார், நான் உள்ளே போய்விட்டேன். இயந்திரம் வந்த மரப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதற்குப் பின்னால் பிளாஸ்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இடுக்கில் எல்லாம் தெரிந்தது. கொப்பரை கிரேனில் தொங்குகிறது. மேலே இரண்டு இத்தாலிக்காரர்கள் கடப்பாரையோடு நிற்கிறார்கள். கீழே பன்னிரண்டு பேர் கயிற்றில், முதலில் காசி. பக்கத்தில் இவர், துவைத்த சட்டையில். துரை கையை உயர்த்தி இறக்கினார்.

"தி-ரா-தே."

அடடா, என்ன ஒரு 'ரா'. மேலே இருந்தவன் அந்த நொடியில் கடப்பாரையை அழுத்தினான். கீழே ஒருத்தனும் இழுக்கவில்லை.

பன்னிரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மரியாதையாக இவர் முகத்தைப் பார்த்தார்கள். காசி தலையைக்கூட ஆட்டினான், நன்றாக இருக்கிறது, மேலே சொல் என்பதுபோல்.

"தி-ரா-தே."

மறுபடியும் தலையாட்டல். மேலே இருந்தவன் இத்தாலியில் கத்தினான். துரையின் கழுத்து சிவந்தது. மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு, "இழுங்கடா டேய்" என்றார். நான்கு பேர் இழுத்தார்கள், எட்டுப் பேர் நின்றார்கள். கொப்பரை ஒரு ஆட்டம் ஆடியது. மேலே ஒருவன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். எடுக்காவிட்டால் விரல் இருந்திருக்காது.

துரை ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரே ஒரு தடவை. குமாஸ்தா இவரிடம் சொன்னது எனக்கே கேட்டது. "இந்தத் தடவையும் ஆவலன்னா வேற ஆள வச்சிக்கிறாராம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் செய்த கூத்து இது. ஆட்டுக்கல்லை இழுத்தவர் ஒரே ஆள், சொன்னதும் அவரே, இழுத்ததும் அவரே. இங்கே சொல்கிறவர் ஒருவர், இழுக்கிறவர்கள் பன்னிரண்டு பேர். பாட்டுக்காரர் வாயில் வருவதற்கு இழுத்து அவர்களுக்குப் பழக்கமே இல்லை. இவர் பாட்டுக்காரர் இடத்தில் நின்றுகொண்டு எதைச் சொன்னாலும், அது இத்தாலியாக இருந்தாலும் தேவாரமாக இருந்தாலும், கேட்டுக்கொண்டுதான் நிற்பார்கள். பதில் சொல்கிற முறை வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அது வரவே போவதில்லை.

அப்படியென்றால் இவர் வார்த்தை பதிலின் இடத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் யாராவது பாட்டுக்காரர் இடத்தில் நின்று ஒரு கூப்பாடு போட வேண்டும். அதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, குரலைத் தடிமனாக்கி, மரப்பெட்டிக்குப் பின்னாலிருந்து விட்டேன்.

"ஏஏலேலோ..."

இவர் முதுகு விறைத்ததைப் பார்த்தேன். திரும்பவில்லை. அந்த ஒரு நொடியில் அவர் திரும்பியிருந்தால் நான் இன்று இத்தாலியில் இல்லை, முந்திரிக் காட்டில் இருந்திருப்பேன். பதில் வர வேண்டிய இடம் வந்தது. அதில் அவர் வார்த்தையை வைத்தார்.

"தி-ரா-தே."

காசியின் வாய் தானாகத் திறந்தது. கூடவே மற்ற பதினோரு வாயும் திறந்தது. 'ரா'வில் பன்னிரண்டு முதுகும் சாய்ந்தன, மேலே கடப்பாரை இறங்கியது. கொப்பரை ஒரு சாண் நகர்ந்தது, என் கண்ணால் பார்த்தேன்.

துரை அங்கும் இங்கும் தலையைத் திருப்பினார். பாட்டு கூடாது என்று அவர்தான் சொல்லியிருந்தார். ஆனால் கொப்பரை நகர்கிறதே, நிறுத்தச் சொல்வாரா? நான் விடவில்லை. ஏலேலோ. தி-ரா-தே. இரண்டாம் தடவை பன்னிரண்டு பேரும் அந்த வார்த்தையைத் தங்கள் வார்த்தையாகவே எடுத்துக்கொண்டார்கள். மாமன் வீட்டு வார்த்தை மாதிரி அழுத்தினார்கள். பதினான்கு தடவை. கடைசியில் இவர் 'ஃபெர்-மா-தே' என்றார், எல்லாரும் அப்படியே நின்றார்கள். போல்ட் நான்கிலும் அது கோழி அடையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது.

துரை கேட்டதைக் குமாஸ்தா தமிழில் சொன்னார். "யாரு பாடுனது?"

எல்லாரும் கயிற்றைச் சுருட்டுவதில் மும்முரமானார்கள். பாட்டு கூடாது என்ற உத்தரவு எல்லாருக்கும் நினைவு இருந்தது. பிறகு துரை சட்டைப் பையிலிருந்து வெளிநாட்டு சிகரெட் பாக்கெட்டை எடுத்துச் சிரித்துக்கொண்டே நீட்டினார். ஆறு பேர் ஒரே நேரத்தில் முன்னால் வந்தார்கள். காசி எல்லாருக்கும் முன்னால்.

நான் குனிந்தபடியே வெளியே வந்து, இப்போதுதான் வந்தவள்போல் கேட்டில் பிளாஸ்கைக் கொடுத்தேன். காப்பி ஆறிப்போயிருந்தது. துரை அதைக் கவனித்திருக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சின்னோராம்மா மேசைக்குப் பக்கமாக வந்து, என்னைப் பார்க்காமலே, கரண்டியை எடுத்து மூன்று தட்டுத் தட்டினாள். லேசாக, ஓங்கி, லேசாக. நான் வாணலியைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவள் பிஸ்கட் டப்பாவைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கொப்பரையை நிறுத்திய அன்று சாயங்காலம் இவர் வந்தார், வாசலில் கிடந்த ஆட்டுக்கல்லைத் தூக்கிப் பின்மூலையில் வைத்தார், சாப்பிட்டார், படுத்தார். அந்தக் குரல் யாருடையது என்று கேட்கவில்லை. தெரியும் என்றும் காட்டிக்கொள்ளவில்லை.

7

ஆர்டர் வந்தது. குவார்ட்டர்ஸ் வந்தது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, வீட்டுக்குள் குழாய். முதல் நாள் முழுக்க நான் அந்தக் குழாயைத் திறந்து திறந்து மூடினேன். ஆனால் ஆறு மாசத்துக்குத் தற்காலிகம்தான், அதற்குப் பிறகுதான் உறுதி. நடுவில் ஏதாவது புகார் வந்தால் மறுபடியும் கீற்றுக் கொட்டகை. கொடிக்குள்ளே பொம்பளை இருந்தாள் என்பதைவிடப் பெரிய புகார் வேண்டுமா?

அந்தச் சமயத்தில்தான் பேச்சு கிளம்பியது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பட்டம்மா திருநெல்வேலிக்காரி, கூர்மையானவள். இன்னும் நான்கைந்து பேரோடு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தாள். இவர் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"யக்கா, ஒரு சங்கதி. அன்னைக்கி பாடுனது நாந்தான்னு ஆறு ஆம்பளைங்க சொல்லுதாவ. கேட்டது பொம்பளக் கொரலுன்னும் அவியளேதான் சொல்லுதாவ. எனக்கு வெளங்கல."

"ஆறு பேருக்கும் ஒண்ணா தொண்ட கட்டியிருக்கும்" என்றேன்.

"நீ காப்பி கொண்டுக்கிட்டு அந்தப் பக்கம் போவேல்லா? அன்னைக்கி நீ அங்கனதான் நின்னியாமே?"

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"நானா? காப்பியக் கேட்ல குடுத்துட்டு நேரா வூட்டுக்கு வந்துட்டேன்டி. அன்னிக்கிக் கருவாட்டுக் கொழம்பு. அடுப்ப வுட்டு எப்படி நகருவேன்?"

பட்டம்மா கண்ணைச் சுருக்கினாள். "அன்னைக்கி வெள்ளிக்கெழமையில்லா. வெள்ளிக்கெழமை கருவாடா?"

மாட்டிக்கொண்டேன். அத்தனை மொழியையும் சமாளித்த வாய், ஒரு கிழமையில் மாட்டிக்கொண்டது. அடுத்த பொய்யைத் தேடி எடுப்பதற்குள், உள்ளேயிருந்து இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். வாசப்படியில் நின்று, என்னைப் பார்க்காமல், பட்டம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமாம்மா, நான்கூடத் திட்டுனேன், வெள்ளிக்கெழமைல கருவாடான்னு. எங்க கேக்கறா? ஆனா கொழம்பு நல்லாருந்துச்சி. நடுவுலதான் உப்பு கொஞ்சம் கனமா வுழுந்துடுச்சி."